தனசேகர் அண்ணன் வீட்டு டிரில்லிங் மிஷின்

காது கூர்மையாக இருப்பவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. ஒரு சத்தம் கிடைத்தால் போதும், மீதிக் கதையை நாங்களே எழுதிக்கொள்வோம். அப்படி எழுதித்தான் ஒரு குடும்பத்தைக் காலி செய்ய வைக்கப் பார்த்தேன்.

மண்ணூர்பேட்டையில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழே தனசேகர் அண்ணனும் அவர் மனைவி விஜயாவும். அண்ணனுக்கு லேத் பட்டறையில் வேலை. என் கணவருக்கு நைட் ஷிப்ட். அவர் காலையில் வந்து கண்ணை மூடியதும் 'ட்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் கிளம்பும். கொஞ்சம் நிற்கும். மறுபடி 'ட்ர்ர்ர்'. தூக்கமில்லாமல் வேலைக்குப் போய் பேக்டரி மிஷினில் கையைக் கொடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அண்ணன் வீட்டுக்குள்ளேயே டிரில்லிங் மிஷின் போட்டு ஜாப் ஒர்க் பண்ணுகிறார் என்று முடிவு கட்டினேன். (பட்டறைக்காரர் வீட்டில் வேறென்ன சத்தம் வரும்? நம்ம துப்பறியும் மூளை அவ்வளவுதான்.)

விஜயாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நேராக ஹவுஸ் ஓனரிடம் போனேன். சுவர் விரிசல் விடும் என்று கூடுதலாக ஒன்றைச் சேர்த்தேன். மனுஷன் உடனே செருப்பை மாட்டினார்.

கன்னத்தில் பாய் வரி பதிந்த முகத்தோடு அண்ணன் கதவைத் திறந்தார். மிஷினை எடு, இல்லை வீட்டைக் காலி பண்ணு என்றார் ஓனர். பின்னால் வந்து நின்ற விஜயா என்னையே பார்த்தாள்.

"இன்னா மிஷினு? இப்பதான் எய்ந்து வரேன். உள்ள வந்து பாத்துக்கங்க" என்றார் அண்ணன்.

பார்த்தோம். மிக்ஸி இருந்தது. (அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தேன்.) அப்போது வெளியே, மேலிருந்து 'ட்ர்ர்ர்'.

வாசலுக்கு வந்து அண்ணாந்தோம். வாசல் முருங்கை மரத்தின் பட்டுப்போன கிளை ஒன்று எங்கள் மாடி ஜன்னலின் வெயில் மறைப்புத் தகரத்தின்மேல் சாய்ந்திருந்தது. அதில் சிட்டுக்குருவி அளவில் ஒரு மரங்கொத்தி. பழுப்புத் தலை, முதுகில் வெள்ளைப் பட்டைகள். ஒருமுறை கொட்டடித்துவிட்டு, கிளையின் அடிப்பக்கம் தலைகீழாக நடந்து போனது.

"இதாம்மா என் செவுத்த ஒடைக்குது?" என்றார் ஓனர்.

கிளையை வெட்டிவிடலாம் என்று அவரே சொன்னார். விஜயாதான் தடுத்தாள். கிளையில் இருந்த சின்ன வட்டப் பொந்தைக் காட்டி, "ஊடு கட்டிக்கினு கீதுங்க. உட்டுடுங்க" என்றாள். அப்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

கிளைக்கும் தகரத்துக்கும் நடுவில் என் கணவர் பழைய டயர் டியூபைச் செருகினார். சத்தம் அடங்கியது, தூங்கினார். நான் ஜன்னலில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். ஆணுக்குக் கண்ணுக்குப் பின்னால் மெல்லிய சிவப்புக் கீற்று உண்டு. கிட்டப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கொட்டு இரைக்காக இல்லையாம், 'இது எங்கள் இடம்' என்று அறிவிப்பதற்காம். வாடகை வீட்டில் இருந்துகொண்டு அதை ஒரு பறவைப் புத்தகத்தில் படித்தபோது மனசு என்னவோ செய்தது.

கீழே போய் மன்னிப்புக் கேட்டேன். விஜயா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "அடுத்த தபா என்னாண்ட கேளுக்கா" என்று சொல்லிவிட்டு, பாதிப் பூண்டை என் பக்கம் தள்ளினாள்.

இப்போதும் யாரைப் பற்றியாவது குறை சொல்ல நான் வாயெடுத்தால், என் மகள் அண்ணாந்து சீலிங்கைப் பார்ப்பாள். இத்தனைக்கும் அவள் பிறந்ததே இதெல்லாம் முடிந்த பிறகுதான்.