ஃபெரெட்டி நடக்கப் போனார்

மூன்றாவது வீட்டில் சேப்பங்கிழங்கை விழுங்கும்போது, ஃபெரெட்டிக்கு எரிச்சல் தொண்டைவரை வந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க தலைவரே. தேங்காப்பால் நிறைய இருக்கு."

நடக்கத்தான் கிளம்பினார். நடந்தது மூன்று வாசல். சவாய் தீவில் வாசலைக் கடப்பவரைச் சாப்பிடக் கூப்பிடாவிட்டால் வீட்டுக்கு அவமானம். கூப்பிட்டும் உட்காராமல் போனால், அதுவும் ஊர்த்தலைவர்களில் ஒருவர் போனால், அதைவிட அவமானம்.

டாக்டர் தவீத்தா அவர் இதயத்தை எடுத்த படத்தைக் காட்டிச் சொல்லியிருந்தார். "ரத்தக்குழாய் ஒண்ணு அடைச்சுக்கிச்சு. உடம்பு சும்மா இல்ல, அடைப்பைச் சுத்திச் சின்னச் சின்னக் குழாயா வளர்த்துக்கிட்டிருக்கு. மாத்திரையோட தினம் வேகமா நடந்தா அதுங்க தடிக்கும். இல்லாட்டி நியூசிலாந்து போய் நெஞ்சைத் திறக்கணும்."

"எவன் திறக்கிறான்னு நானும் பாக்குறேன்" என்று உறுமிவிட்டு வந்திருந்தார்.

மூன்று வீட்டில் சாப்பிட்ட மறுநாள் முகத்தைக் கடுகடுவென வைத்துக்கொண்டு, யாரையும் பாராமல் நடந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. மாலையில் மூன்று வீட்டாரும் தலைகுனிந்து வந்து நின்றார்கள்.

"எங்க மேல என்ன கோவம் தலைவரே? மன்னிச்சிடுங்க."

பின்னாலேயே சுட்ட பன்றி வந்தது. மன்னித்ததற்கு அடையாளமாகச் சாப்பிட்டாக வேண்டும்.

"யோவ், எனக்கு நெஞ்சு சரியில்லய்யா. அதுக்குத்தான் நடக்குறேன்" என்று மென்றுகொண்டே கத்தினார்.

மறுநாள் தேவாலயப் பெண்கள் சங்கம் கூடைகளோடு வந்தது. நோயாளி நாலு வாய் சாப்பிடும்வரை பாடுவதென்று முடிவு. அவர்கள் குரலைக் கேட்ட ஃபெரெட்டி அவசரமாகச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் விடிந்ததும், ஊரைத் திட்டிக்கொண்டே கொல்லை வேலியைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள் இறங்கினார். புதருக்கு நடுவே, காலடி பட்டுத் தேய்ந்த அருமையான பாதை ஒன்று கிடந்தது. சாலையிலிருந்து பிரிந்து, வளைந்து, அப்பால் மறுபடி சாலையிலேயே சேர்ந்தது. வாசல் இல்லை, தட்டு இல்லை. அதிலேயே போய்ப் போய் வந்தார். வியர்த்தது. கோபம்கூடக் கொஞ்சம் இறங்கியது.

எதிரே பள்ளிக்கூட டீச்சர் சலோமே வந்தாள். அவரைப் பார்த்ததும் வாழைமரத்துக்குப் பின்னால் ஒளியப் பார்த்தாள். வாழைமரம் ஒத்துழைக்கவில்லை.

"ஏம்மா ஒளியுற? நல்ல வழிதானே. யாரு போட்டது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

சலோமே கால் விரலால் மண்ணைக் கீறினாள்.

"ஊரே சேர்ந்து நடந்து போட்டது தலைவரே. உங்க வாசல் வழியாப் போனா, திங்க வெக்காம நீங்க விடமாட்டேங்குறீங்களே."