கேட்டது கேட்டபடி

மூன்றாம் மேசைக்காரர் சூப்பைத் தொடவே இல்லை.

"நான் கேட்டது ஆம்லெட்."

கடைக்குப் புதியவர். குரல் சமையலறை வரைக்கும் போனது. முதலாளியம்மா கல்லாவை விட்டு எழுந்து வந்தாள்.

பரிமாறியவருக்கு அந்த உணவகத்தில் கம்ப்யூட்டர் என்று பெயர். ஒரு மேசைக்குப் பத்துப் பேர் வந்தாலும் எதையும் குறித்துக்கொள்ள மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்பார், தலையாட்டுவார், போய்விடுவார். முழங்கை வரை தட்டுகளை அடுக்கிக்கொண்டு அவர் நெளிந்து வளைந்து வருவதை, பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான்.

"உங்களுக்கு வயசாயிடுச்சுண்ணே," என்றாள் முதலாளியம்மா. "ஆர்டர் எடுக்க மெஷின் வாங்கப் போறேன். நீங்க பாத்திரம் கழுவற பக்கம் வந்துடுங்க."

"இந்த மாசம் பூரா ஒரு தப்பு வராது. அப்பவும் மெஷின் வாங்குவீங்களா?"

"வந்தா?"

"நானே போய்க் கழுவறேன்."

அன்றே மூளைக்கான மூலிகை கேப்ஸ்யூல் ஒரு டப்பா வாங்கினார். 'முழுக்க இயற்கை' என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஆர்டரை முணுமுணுத்தபடியே சமையலறைக்கு நடந்தார்.

பலித்தது. ஜன்னலோரம் உட்காரும் தையல்காரர் சூப் கேட்டார், சூப்பே வந்தது.

"இதுவா?" என்றார் தையல்காரர்.

"நீங்க கேட்டதுதானே?"

"கேட்டேன்தான்."

பாதியை வைத்துவிட்டு எழுந்துபோனார். பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வருவதைக் குறைத்தார்கள். தலையில் இன்னும் ஏதோ கோளாறு என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டி, ஒன்றை இரண்டாக்கினார். தப்பு ஒன்றுகூட வரவில்லை. கூட்டம் இன்னும் மெலிந்தது. மூன்றாக்கினார்.

அப்புறம் ரொட்டி நறுக்கும்போது விரலில் ஒரு கீறல். கீறல்தான். ஆனால் சுற்றிய துணியெல்லாம் நனைந்தது, ரத்தம் நிற்கிற வழியாக இல்லை. மனைவி வந்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

"ஹார்ட் மாத்திரை தவிர வேற என்ன சாப்பிடறீங்க?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்லீங்க."

மனைவி பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். "பனியன் அடுக்குக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தார்."

"அது மருந்தே இல்ல டாக்டர். வெறும் செடி."

"அரளியும் செடிதான். ரத்தம் உறையாம இருக்கத்தான் உங்களுக்கு மாத்திரையே கொடுத்திருக்கேன். இந்த மூலிகையும் அதே வேலையைச் செய்யும். ரெண்டும் சேர்ந்தா எப்படி நிக்கும்? கீறல் விரல்ல பட்டுச்சு, தலைக்குள்ள பட்டிருந்தா?"

"வேலை போயிடுமோன்னுதான் சாப்பிட்டேன். ஞாபகம் நல்லா வந்துச்சே."

"அதுக்குப் பெரிசா ஆதாரம் இல்ல. பயத்துல கவனிச்சுக் கேட்டிருப்பீங்க."

"கல்யாணம் ஆனதிலேருந்து நானும் பயமுறுத்திட்டுதான் இருக்கேன்," என்றாள் மனைவி. "எனக்கு மட்டும் வேலை செய்யலையே."

டப்பா குப்பைத் தொட்டிக்குப் போனது. கட்டுப்போட்ட விரலோடு அவர் வேலைக்குத் திரும்பினார். முணுமுணுத்துப் பார்த்தார், விரல் வலியில் பாதி வழியிலேயே எல்லாம் கலைந்தது. சூப் கேட்ட தையல்காரர் முன்னால் வறுத்த மீனை வைத்த பிறகுதான் உறைத்தது. கல்லாவிலிருந்து முதலாளியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் தோளிலிருந்த துண்டை எடுத்து மேசைமேல் மடித்து வைத்தார்.

"மன்னிச்சிடுங்க. இதோட நான் பாத்திரம் கழுவப் போறேன். இனிமே நீங்க கேட்டதை மெஷின் சரியா கொண்டு வரும்."

தையல்காரர் அதற்குள் பாதி மீனைத் தின்றிருந்தார்.

"அண்ணே, இத்தனை வருஷத்துல இந்த மாசம் தவிர நான் கேட்டதை நீங்க ஒரு நாள்கூட கொண்டு வந்ததில்ல, கேட்டதையே திங்கணும்னா நான் வீட்டுலயே தின்னிருப்பேனே."