சால்வையை விடாத கரண்டு மேடம்

செஞ்சிக்கு ராஜாக்கள் வந்திருக்கலாம், நவாபுகள் வந்திருக்கலாம், பீரங்கிகளும் வந்துபோயிருக்கலாம். ஆனால் இந்த ஊரை யார் அதிகமாகக் கலங்கடித்தார்கள் என்று போட்டி வைத்தால், எங்கள் கரண்டு மேடத்துக்குப் பின்னால்தான் அத்தனை பேரும் வரிசையில் நிற்க வேண்டும். இதை நான் சும்மா சொல்லவில்லை. அவர் தலைமையாசிரியையாக இருந்த காலம் முழுவதும் நான் அவருக்கு உதவித் தலைமையாசிரியர். மற்றபடி சாதாரணக் கணக்கு வாத்தியார். ஒரு அதிர்ச்சியில் பிளந்த வாயை மூடுவதற்குள் அந்த அம்மா அடுத்ததைச் செய்துவிடுவார்.

பெயர் வைத்தது பிள்ளைகள். தொட்டால் ஷாக் அடிக்கும் என்று காரணம் சொன்னார்கள். பக்கத்தில் நின்றாலே போதும் என்பது என் அனுபவம். ஆள் என்னவோ குள்ளம்தான். பருத்திப் புடவை, தோளில் ஒரு பை, எப்போதும் எங்கேயோ கிளம்பிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு நடை.

பொறுப்பேற்ற அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தேன். மாணவிகள் கழிப்பறைக்குக் கதவு இல்லை.

"கதவு எங்க சார்?"

"மனு கொடுத்திருக்கோம் மேடம். நாலஞ்சு தடவை கொடுத்திருக்கோம்."

"ஸ்டாஃப் டாய்லெட்டுக்குக் கதவு இருக்குதா?"

"அது இருக்குது மேடம்."

"அதைக் கழட்டி இங்க மாட்டச் சொல்லுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ நாம இன்னா மேடம் பண்றது?"

"நாமளும் மனு கொடுப்போம் சார்."

அன்று மதியமே கதவு இடம் மாறியது. ஆசிரியர்கள் அத்தனை பேரும் சேர்ந்து எழுதிய மனுவில் இருந்த வேகத்தை நான் அதற்கு முன் எந்த மனுவிலும் பார்த்ததில்லை. ஒரு வாரத்தில் புதுக் கதவு வந்துவிட்டது.

இப்படிப்பட்டவரைத் தலைமையாசிரியர் சங்கத்துக்குத் தாலுகா செயலாளர் ஆக்கினார்கள். ஆசைப்பட்டு ஆக்கவில்லை. வேறு யாரும் அந்த வேலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இவர் அன்றைய கூட்டத்துக்குத் தாமதமாக வந்தார், அவ்வளவுதான்.

என்னைப் போன்ற உதவிகளும் உறுப்பினராக இருந்த அந்தச் சங்கத்துக்கென்று ஒரு நடைமுறை உண்டு. பெரிய அதிகாரி யாராவது வந்தால் கூட்டமாகப் போவோம். சால்வை போர்த்துவோம். கையில் எலுமிச்சம்பழம் கொடுப்போம். கோரிக்கை மனுவை ஆளுக்கு ஒரு மூலையாகப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வோம். அவர் "ஆவன செய்வோம்" என்பார். நாங்கள் நேராக பஸ் ஸ்டாண்டு ஓட்டலுக்குப் போய் நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டுக் கலைந்துவிடுவோம். இதற்கு மேல் எதையும் நாங்களும் எதிர்பார்த்ததில்லை, அவர்களும் எதிர்பார்க்க விட்டதில்லை.

மேடம் முதன்முதலாகச் சால்வை போர்த்தியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். போர்த்தினார். எல்லோரும் கைதட்டினோம். அதிகாரி சிரித்தார். கேமராக்காரர் கிளிக் செய்தார். மேடம் கையை எடுக்கவில்லை. சால்வையின் இரண்டு முனையையும் அவர் கழுத்துக்குக் கீழே சேர்த்துப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"ஐயா, பசங்களுக்குப் பேசறதுக்கு ஒரு மனநல ஆலோசகர் போடறேன்னு சொல்லி இருந்தீங்க. எப்ப போடுவீங்க?"

"பார்க்கலாம்மா."

சால்வை கொஞ்சம் இறுகியது. "பாக்கலாம்னா போட்டோ வரும் ஐயா, ஆள் வர மாட்டாங்க. எந்த மாசம்னு சொல்லுங்க."

கேமராக்காரர் பாட்டுக்கு எடுத்துக்கொண்டே இருந்தார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தங்கை அண்ணனை வாழ்த்துகிற மாதிரிதான் தெரிந்திருக்கும். கிட்ட நின்ற எனக்கு அதிகாரியின் நெற்றியில் வேர்ப்பது தெரிந்தது. கடைசியில் மாசத்தைச் சொல்லிவிட்டுத்தான் கழுத்தை மீட்டுக்கொண்டார். சொன்னபடி வாரத்துக்கு ஒரு நாள் ஓர் ஆலோசகர் எங்கள் பள்ளிக்கு வர ஆரம்பித்தார் என்பது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. எங்கள் சங்கத்தின் கோரிக்கை ஒன்று நிறைவேறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இப்போது தேவிக்கு வருகிறேன். தொண்டூர்ப் பெண், பத்தாம் வகுப்பு. என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சு. கணக்கு வராது, சிரிப்பு நிறைய வரும். பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. விசாரித்தால், அப்பாவும் அம்மாவும் திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போகும்போது இரண்டு வயதுத் தங்கையைப் பார்த்துக்கொள்ள இவளையும் கூட்டிப்போய்விட்டார்கள். மழைக்காலம் வந்தால்தான் திரும்புவார்கள். பொதுத்தேர்வோ கோடையின் தொடக்கத்திலேயே வந்துவிடும்.

இப்படிப் போகிற பிள்ளையின் பெயரை அடித்துவிடுவது வழக்கம். எழுதாத பிள்ளையும் எழுதித் தோற்கிற பிள்ளையும் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைக் கீழே இழுத்துவிடும். விகிதம் இறங்கினால் மேலே இருப்பவர்கள் தலைமையாசிரியரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். நான் போய்ச் சொன்னேன்.

"மேடம், தேவி பேரை எடுத்துடலாம். அவ போயிட்டா."

"அவ போகல சார். கூட்டிட்டுப் போயிட்டாங்க. பேரையும் எடுத்துட்டா திரும்பி எங்க வருவா?"

அதே சமயத்தில்தான் ஒரு சேதி வந்தது. பள்ளிக்கூடச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவரப் போகிறார்களாம், அதற்காக ஊர் ஊராக வந்து கருத்துக் கேட்கும் குழு செஞ்சிக்கும் வருகிறதாம். சங்கம் குதித்தது. நெடுநாள் வராத பிள்ளையின் பெயரை நீக்கும் அதிகாரத்தைச் சட்டமே தலைமையாசிரியருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் ஒரே கோரிக்கை. மேடமோ, அந்தக் கோரிக்கைக்கு எதிராகப் பேசப்போவதாகச் சொல்லிவிட்டார். சங்கச் செயலாளர் சங்கத்துக்கு எதிராக!

சங்கத் தலைவர் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "சார், இன்னா ஆனாலும் சரி, அந்தம்மா கையில சால்வை போகக் கூடாது. அது உங்க பொறுப்பு."

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரம் அப்படியே இருந்தது. சால்வைப் பையை நான் மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். மேடம் வெறும் கையோடு வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

அவர் முறை வந்தது. மேடையேறினார். குழுத் தலைவர் முன்னால் மேஜையில் காலையிலிருந்து விழுந்த சால்வைகள் மலைபோலக் கிடந்தன. இதை நானும் யோசிக்கவில்லை, சங்கத் தலைவரும் யோசிக்கவில்லை. மேடம் மேலே கிடந்த ஒன்றை உருவினார். உதறினார். குழுத் தலைவர் வாங்கிய சால்வையையே அவருக்குப் போர்த்தினார். முனைகளைப் பிடித்துக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஐயா, எட்டாங்கிளாஸ் வரைக்கும் பிள்ளைங்களைப் பள்ளிய விட்டு நீக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குது. அதுக்கு மேல படிக்கிற புள்ளைய யாரு காப்பாத்தறது? வராத புள்ள எங்க இருக்குதுன்னே பாக்காம பேரை அடிச்சிட்டா அதுக்குப் பேரு இன்னா?"

"நீங்க என்னம்மா கேக்கறீங்க?"

"பேரை அடிக்கறதுக்கு முன்னாடி எச்.எம். நேர்ல போயி அந்தப் புள்ளைய பாக்கணும். எந்த ஊர்ல இருந்தாலும் சரி. அதைச் சட்டத்துல சேருங்க."

நீக்கும் அதிகாரம் கேட்டுப் போன எங்களுக்கு, ஊர் ஊராக அலையும் வேலையை வாங்கித் தருகிறார் எங்கள் செயலாளர்! குழுத் தலைவர் கழுத்தை அசைத்துப் பார்த்தார். முடியவில்லை.

"நல்ல யோசனைதான்மா. குறிச்சுக்கறோம்."

"இப்பவே ஐயா."

மேடத்தின் எதிரிலேயே குழுவினர் குறித்துக்கொண்டார்கள். மேடம் இறங்கி வந்ததும் சங்கத் தலைவருக்கு முகம் ரத்தமாகச் சிவந்துவிட்டது. "மொதல்ல நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க மேடம்! அப்புறம் ஊருக்கு உபதேசம் பண்ணலாம்!"

"நாளைக்கே போறேன். சாரும் கூட வர்றாரு" என்றார்.

சார் என்பது நான்தான். எனக்கே அப்போதுதான் தெரியும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பஸ் மாறி பஸ் மாறி, கடைசியில் ஒரு செங்கல் லாரியில் முன்பக்கம் நெருக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். தேவி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காயப்போட்ட பச்சைக் கல்லைத் திருப்பிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் குழந்தையோடு குடிசைக்குப் பின்னால் ஓடிப்போனாள். மேடம் நேராக அவள் அப்பாவிடம் போய், அவளைப் பரீட்சைக்கு அனுப்பச் சொன்னார்.

அவர் கும்பிட்டார். "சின்னதைப் பாத்துக்க ஆள் இல்ல மேடம். வேலை முடியாம அனுப்ப முடியாது."

"இவ வேலைய நான் பாக்கறேன். எனக்கு லீவு இருக்குது. அவளை சாரோட அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகினார் மேடம்.

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை, மண்ணில் குந்தி, பச்சைச் செங்கல்லைத் திருப்ப ஆரம்பித்தார். முதல் கல் இரண்டாக உடைந்தது. அடுத்தது நசுங்கியது. அதற்கடுத்ததில் அவர் கை விரல்கள் ஐந்தும் பதிந்தன. என்னையும் குந்தச் சொன்னார். நான் எடுத்த கல் வளைந்தே போயிற்று. தலையில் துண்டு கட்டிய மேஸ்திரி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயோ அம்மா, வுடுங்க! வரிசையே போச்சு! யோவ், உன் பொண்ண இவங்களோட அனுப்பிச்சுத் தொலையா! இவங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தா சூளையே போயிடும்!"

தேவியின் அம்மாதான் தயங்கினார். "சின்னது அக்காவ வுட்டு இருக்காது மேடம். அழுதே செத்துடும்."

"அதையும் கொடு. எங்க வீட்டுப் பக்கத்துல அங்கன்வாடி இருக்குது. ரெண்டும் எங்கூட இருக்கட்டும்."

அந்தப் பெண் குழந்தையைக் கொடுத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். திரும்பி வரும் பஸ்ஸில் அந்தக் குழந்தை திண்டிவனம் வரை என் தோளில் வாந்தி எடுத்தது. தேவி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். மேடம் அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவரும் சிரித்தார்.

தேவி பரீட்சை எழுதினாள். நடுநடுவே ஆலோசகர் அம்மாவிடம் உட்கார்ந்து பேசினாள், என்னிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். பேசியது பலித்தது, கணக்குப் பலிக்கவில்லை. ரிசல்ட் வந்தபோது மற்றதில் எல்லாம் பாஸ், கணக்கில் பெயில். எங்கள் தேர்ச்சி விகிதம் கெட்டது அவள் ஒருத்தியால்தான். நான் தலைமையாசிரியை அறைக்குத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனால், மேஜைமேல் ஒரு பெட்டி நிறைய மைசூர்பாக்கு.

"இன்னா மேடம் இது? அவ பெயிலு!"

"தெரியும் சார். எடுத்துக்குங்க. பேரு இருந்தாத்தானே பெயிலே ஆக முடியும்? அடிச்சிருந்தா அவ பெயில்கூட ஆகியிருக்க மாட்டா." இன்னொரு துண்டை என் கையில் திணித்தார். "அடுத்த மாசம் துணைத் தேர்வு இருக்குது. கணக்கு யாரு பாடம்?"

பதில் சொல்ல முடியாதபடி வாய் நிறைய மைசூர்பாக்கு இருந்தது. அன்று சாயங்காலத்திலிருந்து தேவி தங்கையோடு என் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். குழந்தை என் மனைவியோடு விளையாடும். இவள் என் உயிரை எடுப்பாள்.

அந்தத் தேர்வுக்கு முன்னாலேயே மேடத்துக்கு மாறுதல் வந்துவிட்டது, வெகு தூரத்தில் ஏதோ ஒரு மாவட்டம். அக்காவும் தங்கையும் என் வீட்டுக்கே குடிவந்தார்கள். குழு குறித்துக்கொண்டு போன யோசனை என்ன ஆயிற்று என்று இன்றுவரை தகவல் இல்லை. பிரிவு உபசாரத்தில் சங்கத் தலைவரே முன்னால் நின்று பேசினார். நிம்மதியில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மேடம் ஏறிய பஸ் திருவண்ணாமலை ரோட்டில் திரும்பும்வரை நான் பஸ் ஸ்டாண்டில் நின்றேன்.

துணைத் தேர்வு ரிசல்ட் வந்த அன்று தேவி தங்கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். நான் மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், தேவி கணக்குல பாஸ்."

மறுபக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று "மேடம், மேடம்" என்று கத்தினேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அந்த அம்மா அழுவார் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவே மாட்டேன்.

"பிளஸ் ஒன்ல சேத்துட்டீங்களா சார்?"

"உங்களுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே சேத்துட்டேன் மேடம்."

"நல்லா இருங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அந்த அம்மாவை அவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.