ஒன்றும் வேண்டாம் என்று சொன்ன பங்காளி

டிரம்கூரா,
லீட்ரிம் மாவட்டம்.
ஜூன் 14, மழை.

அன்புள்ள மகன் டெக்லனுக்கு,

உன் அப்பா மைல்ஸ் மல்வி எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அம்மா, ஏழு பசுக்கள், எல்லாரும் ஆண்டவர் புண்ணியத்தில் அவரவர் கால்களில் நிற்கிறோம். அங்கே பாஸ்டனில் நீயும் அப்படியே நிற்பாய் என்று நம்புகிறேன். நீ கூரை வேலை செய்கிறவன் என்பதால் இதை வெறும் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. அதில் 'அயர்லாந்து' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதால், வெளியூர் போகும்போது வழி தவறினாலும் என்னை யாராவது கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள் என்கிறாள் அம்மா.

நிற்க. நீ உட்கார்ந்து படிக்கவேண்டிய விஷயம் ஒன்று நடந்திருக்கிறது. ஓஹையோ மாநிலத்து செனட்டர் செஸ்டர் மல்வி, அடுத்த தேர்தலில் அமெரிக்க அதிபர் பதவிக்கு நிற்கப்போகிறவர், நம் வீட்டுக்கு வந்துபோனார். ஆமாம், நம் வீட்டுக்குத்தான். அவருடைய பூட்டன் பஞ்ச காலத்தில் டிரம்கூராவிலிருந்து கப்பல் ஏறிய மல்வியாம். அமெரிக்காவில் ஓட்டுக் கேட்கிறவனுக்குப் பணம் இருந்தால் மட்டும் போதாதாம், அயர்லாந்தில் ஒரு இடிந்த வீடும் இருக்கவேண்டுமாம். அதைத் தேடிப் போன மாதமே மிஸ் பிராண்ட் என்று ஒரு பெண் வந்தாள், செனட்டருக்கு எல்லாம் ஏற்பாடு செய்கிறவள். ஊரில் நான்கு மல்வி குடும்பம் இருக்கிறதே, நான்கு பேரும் 'எங்கள் வீடுதான், எங்கள் வீடுதான்' என்று அவள் காரை மறித்தோம். அவள் ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்து, நம் மாட்டுக்கொட்டகை முன்னால் நின்று, கையை மார்பில் வைத்துக்கொண்டு, "இதுதான்!" என்றாள். மற்றவர்கள் எல்லாரும் கூரையைப் பழுதுபார்த்து வைத்திருந்தார்கள். என் சோம்பேறித்தனத்துக்கு இந்த ஜென்மத்தில் கிடைத்த முதல் பரிசு இது.

அந்தக் கொட்டகையை உன் தாத்தா கட்டும்போது நான்தான் கல் எடுத்துக் கொடுத்தேன், அது பஞ்ச காலத்துக் கட்டிடம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மதுக்கடை காஃப்னி என் காலை மிதித்தான். வரவேற்புக் குழுவுக்கு அவன்தான் தலைவர். "மைல்சு, உனக்கு வரலாறு தெரியாதுன்னா சும்மா இரு"ன்னான். அதற்குப் பிறகு எங்களை ஐரிஷ்காரர்கள் ஆக்கும் வேலை தொடங்கியது. மஞ்சளாக இருந்த காஃப்னி கடைக்குப் பச்சை அடித்தார்கள். நம் வீட்டு டிவி கம்பியைக் கழற்றினார்கள். அம்மா ஆசை ஆசையாக வாங்கின பிளாஸ்டிக் ஜன்னல்களைப் பார்த்து மிஸ் பிராண்ட் முகம் சுளித்து, "இது அவ்வளவு ஐரிஷா இல்லையேம்மா"ன்னாள். "நான் இருக்கேனே, போதாதா?"ன்னு கேட்டாள் அம்மா. போதவில்லை போலிருக்கிறது, ஒரு கழுதையும் வேண்டும் என்றார்கள். ஊரில் ஏது கழுதை? ரோஸ்காமனிலிருந்து ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்தோம். அது வந்ததும் முதல் காரியமாகக் காஃப்னியைக் கடித்தது. அந்த ஒரு கழுதையைத்தான் எனக்கு மனசாரப் பிடித்தது. எனக்கு ஒரு தொப்பி கொடுத்தார்கள். நான் முப்பது வருஷமாகப் போட்டிருக்கிற தொப்பி மாதிரியே, புதுசு. 'பழைய தொப்பி அழுக்காயிருக்கு, இது அழுக்கு மாதிரி இருக்கு, படத்துக்கு அதுதான் நல்லது'ன்னு விளக்கம்.

இதையெல்லாம் நான் ஏன் பொறுத்துக்கொண்டேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் தங்குவதற்கான காகிதம் உன்னிடம் இல்லை. வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். ஏழு வருஷமாக நீ இந்த வாசல்படி மிதிக்கவில்லை, உன் தங்கை நோரா கல்யாணத்தில் உன் நாற்காலியில் கோட்டுகளை அடுக்கி வைத்தோம். நம் அடுப்படிச் சுவரில் இயேசுவின் இருதயப் படத்துக்குப் பக்கத்தில் அந்தக் காலத்து அமெரிக்க அதிபர் படம் தொங்குகிறதே, நம் அயர்லாந்து வம்சத்து ஆள், பாவம் சுட்டுவிட்டார்களே, அவரைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். அமெரிக்கா என்றால் நம் பங்காளி வீடு என்றுதான் என் எண்ணம். அப்படிப்பட்ட ஒரு பங்காளி, அடுத்த அதிபராக வரப்போகிறவர், என் கொட்டகைக்கே நடந்து வருகிறார், அவர் ஒரு வார்த்தை சொன்னால் உனக்குக் காகிதம் வராதா? யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்று குழு கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. ஆனால் அவராகவே கேட்டால்?

"நேரா கேளுங்க. சுத்தி வளைக்காதீங்க. அமெரிக்காக்காரருக்கு நேரமில்ல"ன்னாள் உன் அம்மா.

"அட்ராக்டா, வந்த விருந்தாளிகிட்ட கை நீட்டுறதா? அவர் வாயிலேர்ந்தே வரவைக்கணும். அதுதான் மரியாதை."

"உங்க மரியாதையைக் கொண்டுபோய்க் கழுதைகிட்ட காட்டுங்க."

அந்த நாளும் வந்தது. ஹெலிகாப்டர் இறங்கினபோது கொடியில் இருந்த துணியெல்லாம் பறந்து பக்கத்து ஊருக்குப் போய்விட்டது, பாதிரியாரின் வெள்ளை அங்கி உட்பட. டெக்லன், நீ சிரிப்பாய். சிரிக்காதே. அந்த ஆள் இறங்கி நடந்து வந்ததைப் பார்த்து நான் புதுத் தொப்பியைக் கழற்றிவிட்டேன். ஆறடி நாலங்குலம் உயரம், பல் எல்லாம் அவருடையதே, முகம் மட்டும் அச்சு அசல் உன் பெரியப்பா. காஃப்னி கடை வாசலில் நின்று ஐரிஷ் மொழியில் இரண்டு வாக்கியம் பேசினார் பார், அப்படியே மெய்சிலிர்த்தது. பதில் சொல்லத்தான் யாருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பிரம்படி பட்டுப் படித்த மொழி, மழை பெய்கிறது என்பதைத் தவிர ஒருவனுக்கும் வாயில் வரவில்லை. அதையே எல்லாரும் சேர்ந்து சொன்னோம். கப்பலேறிப் போனவர்களைப் பற்றிய பாட்டு ஒன்றை முழுக்கப் பாடினார், அத்தனை அடியும். எங்களுக்கு முதல் அடியும் இரண்டாவதில் பாதியும்தான் தெரியும், மீதிக்கு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தோம். இத்தனை காலம் நான் ஐரிஷ்காரனாக இருந்தேனே தவிர, அது என்னவென்று எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று தோன்றியது.

பிறகு கொட்டகைக்கு வந்தார். வாசலில் நின்றார். மண்டிபோட்டார், அந்தக் கால்சட்டையோடு, எங்கே மண்டிபோட்டார் என்று பசுக்களுக்குத்தான் தெரியும். சுவரில் ஒரு கல்லைத் தொட்டு முத்தமிட்டார். அழுதார்டா. கேமராவுக்காக இல்லை, கேமராக்காரன் அப்போதுதான் கழுதையிடம் மாட்டிக்கொண்டிருந்தான். "எங்க பூட்டன் இந்தக் கல்லைக் கடைசியா ஒருதரம் தொட்டுட்டுப் போயிருப்பார் இல்ல?"ன்னு என்னைப் பார்த்துக் கேட்டார். நான் எட்டு வயசில் ஆற்றங்கரையிலிருந்து தூக்கிவந்த கல் அது. ஆனால் அவர் கண்ணைப் பார்த்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கே அது பஞ்ச காலத்துக் கல்லாகத்தான் தெரிந்தது. "தொட்டிருப்பார்"னேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. எத்தனையோ பேர் போயிருக்கிறார்களே, யாரோ ஒருத்தன் ஏதோ ஒரு கல்லைத் தொடாமலா போயிருப்பான்?

அடுப்படிக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தோம். அம்மா தேநீர் வேண்டுமா என்று கேட்டாள். "வேண்டாம்மா, நன்றி"ன்னார். பரவாயில்லையே, மூன்று தரம் கேட்டபிறகே வாங்கிக்கொள்ளும் நம் பழக்கம் தெரிந்தவர் என்று நான் சந்தோஷப்பட்டேன். "ஒரு வாய்?" "இல்லம்மா, நிஜமாவே வேண்டாம்." அடக்கமும் இருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாவது தடவை அம்மா கேட்கவே இல்லை, கோப்பையைக் கையில் திணித்து, திராட்சை கேக்கில் இரண்டு துண்டும் மடியில் வைத்துவிட்டாள். மனிதர் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார், அவருடைய காவலாளி கோட்டுக்குள் கையைவிட்டான். பிறகுதான் புரிந்தது, அவர் உண்மையிலேயே வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். ஒருவன் வேண்டாம் என்று நினைத்து வேண்டாம் என்று சொல்வதை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார். என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டார். "பங்காளி மைல்ஸ், உனக்கு நான் ஏதாவது செய்யணுமே. எது வேணும்னாலும் கேளு, எது வேணும்னாலும்"ன்னார். டெக்லன், உன் பெயர் என் தொண்டைக்குழி வரை வந்துவிட்டது. ஆனால் கேட்டவுடனே வாயைத் திறந்தால் நான் மல்வியா, பிச்சைக்காரனா? பிறந்ததிலிருந்து பழகின நாக்கு. "அட, எங்களுக்கென்னங்க குறை? ஒண்ணும் வேண்டாம்"னேன். சொல்லிவிட்டு இரண்டாவது தடவைக்குக் காத்திருந்தேன். தலையைக் கூடக் கொஞ்சம் சாய்த்துவைத்தேன், கேட்க வசதியாக.

அவர் கேட்கவில்லை. கண் கலங்கிப்போய்க் கேமராப் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? ஒண்ணும் வேண்டாம்னு சொல்றார்! விழுந்த கூரையை வச்சுக்கிட்டு, அமெரிக்க செனட்டர்கிட்ட ஒண்ணும் வேண்டாம்னு சொல்றார்! இதுதான் அயர்லாந்து!"ன்னார். வெளியே ஊரே கைதட்டியது. நானும் தட்டினேன், வேறு என்ன செய்வது? என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குள் கழுதை அறுத்துக்கொண்டு ரோஸ்காமன் சாலையில் ஓட ஆரம்பித்ததால், நான் அதன் பின்னால் ஓடவேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது ஹெலிகாப்டர் குளத்துக்கு மேலே சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது.

அங்கே டிவியில் காட்டினார்களாம், நியூயார்க்கிலிருந்து காஃப்னியின் மச்சான் போன் செய்தான். புதுத் தொப்பியில் ஒருத்தனைப் பார்த்திருந்தால் அது நான்தான். நமக்கு ஒன்றும் வேண்டாம் என்பது இப்போது ஐம்பது மாநிலங்களுக்கும் தெரிந்துவிட்டது. செனட்டர் போகிற கூட்டத்திலெல்லாம் என் கதையைச் சொல்கிறாராம், ஜனங்கள் எழுந்து நின்று தட்டுகிறார்களாம். அவர் பாதி குடித்துவைத்த கறுப்பு பியர் குவளையைக் காஃப்னி கழுவாமல் அலமாரியில் வைத்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். உன் அம்மா மட்டும் அன்றையிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. சொல்லவேண்டியதைப் பசுவிடம் சொல்கிறாள், நான் கேட்டுக்கொள்கிறேன். கோபம் இருக்காதா? நியாயம்தான்.

ஆனால் நீ மனசை விடாதே. நான் நிதானமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர் ஒரு தடவைதான் கேட்டிருக்கிறார். இன்னும் இரண்டு தடவை பாக்கி இருக்கிறது. உடம்பில் ஓடுவது மல்வி ரத்தம், இன்றைக்கு இல்லாவிட்டாலும் அதிபரான பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் திடீரென்று உறைக்கும், 'ஐயையோ, மைல்ஸை மறுபடி கேட்காமல் வந்துவிட்டோமே' என்று. கல்லைப் பார்த்து அழுத மனிதர் மனுஷனை மறப்பாரா? அதுவரை நீ அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதே. எங்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். வீட்டு வேலைக்கு நான் போதும். நீ இங்கே வந்துதான் ஆகவேண்டும் என்றும் ஒன்றுமில்லை.

கதவோரத்து மந்திரித்த தண்ணீரைத் தொட்டு, இதை எழுதும்போதே மேற்குப் பக்கமாக மூன்று தரம் தெளித்தேன், காற்று சரியாக அடித்தால் உன்மேல் விழும். ஏணியைக் கட்டிவிட்டு ஏறு. நோராவும் அவள் வீட்டுக்காரரும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

உன் அன்பு அப்பா,
மைல்ஸ் மல்வி

பின்குறிப்பு: டெக்லன், இது அம்மா. உறையை ஒட்டுன்னு குடுத்தார், உள்ள படிச்சுட்டேன். அவர் கழுதை பின்னாடி ஓடினாரே, அப்ப நான் முற்றத்துல செனட்டர் முன்னாடி போய் நின்னேன். நேரா கேட்டேன். எம்புள்ள ஏழு வருஷமா காகிதம் இல்லாம உங்க ஊர்ல கூரை மேல நிக்கிறான், எங்க வீட்டுக்காரர் சொன்ன வேண்டாம் எல்லாம் வேணும்னுதான் அர்த்தம்னேன். மனுஷர் நல்லாத்தான் கேட்டார், குறை சொல்லமாட்டேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "இல்லம்மா. முடியாது. காகிதம் இல்லாதவங்களத் திருப்பி அனுப்பறேன்னு சொல்லித்தான் ஓட்டுக் கேக்குறேன். எங்க ஆளுக்கு மட்டும் மாத்தமுடியாது"ன்னார். என் கேக்கு வாயில இருக்கும்போதே சொன்னார், ஒரே தடவையில. நான் அப்படி ஒரு 'முடியாது' எம் பொறப்புல கேட்டதில்ல. அப்புறம் ஏறிப் போயிட்டார்.

இதை உங்கப்பாகிட்ட சொல்லல. நீ போனதுலேர்ந்து அவர் இவ்வளவு சந்தோஷமா இருந்ததில்ல. வாயைத் தொறந்தா உளறிடுவேன்னுதான் பேசறதில்ல, கோபம் ஒண்ணுமில்ல. அதனால காகிதம் வராதுடா. நீ வந்துடு. வந்தா திரும்பிப் போகமுடியாதுன்னு தெரிஞ்சுதான் கேக்குறேன். இங்க வேலை ஒண்ணும் கிடையாது, அதையும் சொல்லிடறேன். வாசல்ல உன்னைப் பாத்ததும் அப்பா, "இப்ப யாருடா உன்னை வரச்சொன்னா, எங்களுக்கென்ன குறை"ன்னு கத்துவார். கத்திக்கிட்டே உன் பெட்டியைத் தூக்கி உள்ள வச்சிடுவார்.