லோனைக் கட்டிடுங்க

ஆல்வினின் கணக்கில் ஆறு லட்சம் ரூபாய் வந்து சேர்ந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அதை எங்கே போடுவது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.

திமிரிக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன நிலத்தை அண்ணன் தம்பிகள் சேர்ந்து விற்றதில் அவனுடைய பங்கு அது. ஆல்வினுக்கு நாற்பத்தேழு வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்ஷன் சூப்பர்வைசர். இருபது வருஷத்தில் இத்தனை பணத்தை ஒரே இடத்தில் பார்த்ததில்லை என்பதால், அதன் பக்கத்தில் போகவே அவனுக்குப் பயமாக இருந்தது.

வீட்டு லோன் ஐந்து லட்சத்து எண்பதாயிரம் பாக்கி. அதைக் கட்டி முடித்தால் ஒன்பது வருஷ வட்டி மிச்சம். பென்ஷன் திட்டத்தில் போட்டால் அறுபதுக்கு மேல் மாதாமாதம் வரும், கம்பெனி பி.எஃப். தருகிற பென்ஷன் பாலுக்கும் கேஸுக்குமே காணாது. பி.பி.எஃப்.பில் போட்டால் வட்டிக்கு வரி கிடையாது, ஆனால் வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் வாங்கமாட்டார்கள். தினமும் வேலை விட்டு வந்ததும் காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான். திங்கட்கிழமை லோன் ஜெயித்தது. செவ்வாய்க்கிழமை பென்ஷன். புதன்கிழமை மூன்றும் சேர்ந்து ஆல்வினைத் தோற்கடித்தன.

அவன் மனைவி ஜாஸ்மின்தான் ரஃபி அகமது சாரைப் போய்ப் பார்க்கச் சொன்னாள். கரண்ட் பில் கட்டுவது, போன மாதம் அவன் வயிற்று வலிக்கு எடுத்த டெஸ்ட் ரிப்போர்ட்டை வாங்கி வந்து ஒன்றும் இல்லை என்று சொன்னது, எல்லாம் அவள்தான். பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். பஜாரில் செருப்புக் கடை ஒன்றுக்கு மேலே ஒற்றை ரூமில் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை உட்கார்ந்து, கேட்பவர்களுக்கெல்லாம் யோசனை சொல்வார். யோசனைக்குக் காசு வாங்கமாட்டார். ஃபாரம் நிரப்ப மட்டும் அவருடைய தங்கை மகள் அம்பரீன் ஐம்பது ரூபாய் வாங்குவாள்.

ஆல்வின் காலண்டரையே சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். ரஃபி அகமது அதை விரிக்கக்கூட இல்லை. அவன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தார்.

"லோனைக் கட்டிடுங்க தம்பி. பத்திரத்தை வாங்கி வீட்டம்மா கையில குடுத்துடுங்க."

"பென்ஷன், சார்?"

"அதெல்லாம் உங்களுக்கு வேணாம்."

பிறகு எழுந்து வந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, பதினாறு படியும் கூடவே இறங்கி வழியனுப்பினார். எழுபது வயது மனுஷர் காட்டிய மரியாதையை நினைத்து ஆல்வின் வீடு வரைக்கும் பூரித்துக்கொண்டே போனான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் இதை ஸ்டோர்ஸ் கோவிந்தசாமியிடம் சொன்னான். கோவிந்தசாமி பதினெட்டு வருஷமாகக் கூட உட்கார்ந்து சாப்பிடுகிற தோஸ்த். சோற்றை உருட்டிய கை அப்படியே நின்றது.

"லோனைக் கட்டச் சொன்னாரா? சரியாக் கேட்டியா நீ?"

"ஏன், இன்னா இப்போ?"

கோவிந்தசாமி சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒவ்வொருவராகச் சொன்னான். தோல் வியாபாரம் பண்ணிய உமர் ஃபாரூக்கை லோனைக் கட்டச் சொன்னார், அவர் கட்டினார், அந்த ரம்ஜானைப் பார்க்கவில்லை. டெய்லர் நசீமுன்னிசாவும் அப்படித்தான், கட்டி முடித்து மூன்றே மாதம். வாணியம்பாடி அந்தோணிக்கு பேங்கிலிருந்து 'பாக்கி ஒன்றும் இல்லை' என்று சர்டிஃபிகேட் தபாலில் வந்த அன்றைக்கு அவருடைய முப்பதாம் நாள் பூசை நடந்துகொண்டிருந்தது. ஆனால் பென்ஷனில் போடச் சொன்ன யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. கோவிந்தசாமியின் சித்தப்பாவை அப்படிச் சொன்னார்; எழுபத்தெட்டு வயதில் இன்னமும் ஏலகிரிக்கு டி.வி.எஸ்.ஸில் போய்ப் பலாப்பழம் வாங்கி வருகிறார்.

ஆல்வின் சிரித்தான். அந்தச் சிரிப்பு மூன்று மணி டீ வரைக்கும் தாங்கவில்லை.

சாயங்காலமே மறுபடி பஜாருக்குப் போனான். போன தடவை கணக்கைத் தப்பாகச் சொல்லிவிட்டதாகவும், லோன் பாக்கி உண்மையில் ஒரு லட்சம்தான் என்றும், வட்டியும் ரொம்பக் கம்மி என்றும் கூசாமல் பொய் சொன்னான். அந்தக் கணக்குக்கு பள்ளிக்கூடப் பையன்கூட பென்ஷன் என்றுதான் பதில் எழுதுவான். ரஃபி அகமது பேனாவைத் தொடவில்லை. பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். ஒரே மகள், வேலூரில் காலேஜ் முதல் வருஷம் என்றான். அவர் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார்.

"கணக்கு எப்படி வேணா இருக்கட்டும் தம்பி. லோனைக் கட்டிடுங்க. லேட் பண்ணாதீங்க."

அன்றைக்கும் பதினாறு படி இறங்கி வந்தார்.

அப்படியானால் கோளாறு கணக்கிலா, ஆளிலா என்று பார்த்துவிடலாம் என்றான் கோவிந்தசாமி. ஆல்வினின் வயது, சம்பளம், லோன், மகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு, தன்னுடையது மாதிரி சொல்லப் போனான். ஆல்வின் கீழே ஜூஸ் கடையில் காத்திருந்தான். பத்தே நிமிஷத்தில் கோவிந்தசாமி பளபளப்பான முகத்தோடு இறங்கி வந்தான்.

"பென்ஷன்ல போடச் சொன்னாரு. தொண்ணூறு வரைக்கும் தாராளமா வாங்கிச் சாப்பிடுங்கன்னாரு."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பார்த்தான். தொண்ணூறு வயது அதற்கு விடவில்லை. ஆல்வினுக்குத் தன் காசில் சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக்கொடுத்தான். பதினெட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

கோவிந்தசாமிக்கு வாய் நிற்காது. ரெண்டே நாளில் கம்பெனி பூராவும் தெரிந்துவிட்டது. ஜனவரியிலிருந்து ஆல்வின் கேட்டுக்கொண்டிருந்த லீவை மேனேஜர் தானே கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கேன்டீனில் ஒரு போண்டா கேட்டால் ரெண்டு விழுந்தது. அவன் லைன் பக்கம் வந்தாலே பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பாலிஷ் போடுகிற ஜஹீருன்னிசா, வழக்கமாக அவனோடு சண்டை போடாமல் ஒரு நாளும் போகாதவள், தப்பான ஜோடியை அவன் திருப்பிக் கொடுத்தபோது, "சரிங்க சார்" என்று வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் ஆல்வினுக்கு முதுகு சில்லிட்டது.

வெள்ளிக்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டு நேராக பேங்குக்குப் போனான். ஆறு லட்சத்தையும் ஒரு ரூபாய் மிச்சம் வைக்காமல் பென்ஷன் திட்டத்தில் போட்டான். கவுன்டரில் இருந்த பெண், அறுபது வயது வரைக்கும் இதை லேசில் வெளியே எடுக்க முடியாது, நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்று ரெண்டு தடவை சொன்னாள். அதற்காகத்தான் போடுகிறேன் என்றான் ஆல்வின். அறுபதில் வாங்க ஆள் இருந்தாக வேண்டுமே. டிக்கெட் வாங்கியவனை விட்டுவிட்டு வண்டி போகாது என்பது போல ஒரு தைரியம். வண்டிகள் அப்படிப் போவதுண்டு என்பது அந்த நேரத்தில் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஜாஸ்மினிடம் சொன்னான். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாமேவாங்க?"

"எல்லாமே. அறுபது வரைக்கும் யாரும் தொட முடியாது."

"அறுபது வரைக்கும்," என்றாள் ஜாஸ்மின், போய்ப் பார்க்காத ஏதோ ஊரின் பெயரைச் சொல்வது போல. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்றாள். அவள் நறுக்கிக்கொண்டிருந்தது பீன்ஸ்.

அவன் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கம்பெனி வதந்தி இவள் காதுக்கும் வந்துவிட்டது என்று ஆல்வின் முடிவு செய்தான். அதற்கப்புறம் பொறுக்க முடியவில்லை. ஊரையே பேஜார் பண்ணி, பெண்டாட்டியையும் அழவைத்துவிட்ட அந்த மனுஷரை நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று மறுநாள் பஜாருக்குப் போனான்.

ரஃபி அகமது தொழுகைக்குப் போயிருந்தார். அம்பரீன் மட்டும் ஃபாரங்களுக்கு ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தாள். அவளிடமே கேட்டான். உமர் ஃபாரூக், நசீமுன்னிசா, அந்தோணி, மூன்று பேரையும் அடுக்கி, உங்கள் மாமா லோனைக் கட்டச் சொன்னவர்கள் ஏன் உயிரோடு இல்லை என்றான்.

அம்பரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவங்கள்லாம் இங்க வரும்போதே உடம்பு முடியாமத்தான் வந்தாங்க அங்கிள். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை மாமுகிட்ட காட்டித்தான் யோசனை கேட்டாங்க. நாள் கம்மின்னு தெரிஞ்சவங்களைப் போய் பென்ஷன்ல போடுங்கன்னு எப்படிச் சொல்வாரு? வீடாவது கடன் இல்லாம குடும்பத்துக்கு நிக்கட்டும்னு லோனைக் கட்டச் சொல்வாரு. அவர் சொன்னதால யாரும் போகல."

ஆல்வின் நாற்காலியில் சாய்ந்தான். இவ்வளவுதானா. ஒரு வாரமாக நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் ஒரே மூச்சில் வெளியே போனது. வாய்விட்டுச் சிரித்தான். கோவிந்தசாமியைத் திங்கட்கிழமை என்ன பண்ணலாம் என்று யோசித்தான். ஒரு வாரத்துக்கு அப்புறம் அவனுக்குப் பசித்தது. போகும்போது வீட்டுக்கு மட்டன் பிரியாணி பார்சல் வாங்கிப் போக வேண்டும், ஜாஸ்மினிடம் இதைச் சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும். எழுந்து படி வரைக்கும் போனவன், சும்மா ஒரு பேச்சுக்குத் திரும்பிக் கேட்டான்.

"அப்போ எனக்கு எதுக்கும்மா லோனைக் கட்டச் சொன்னாரு? நான் ரிப்போர்ட்டு எதுவும் காட்டலையே."

அம்பரீன் ஸ்டேப்ளரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நீங்க எதுக்கு அங்கிள் காட்டணும்? நீங்க மொத தடவை வர்றதுக்கு முன்னாடியே ஆன்ட்டி உங்க ரிப்போர்ட்டைக் கொண்டாந்து காட்டிட்டாங்களே."