என் பெயருக்கு நேரே விழுந்த ஓட்டு

விளாங்குடி,
17.6.1987

மரியாதைக்குரிய மச்சான் விருமாண்டி அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் ஜெயக்கொடி வணக்கத்துடன் எழுதுவது. சோழவந்தானில் தாங்களும் அக்காவும் அத்தையும் பிள்ளைகளும் சுகமென்றும், கொடிக்காலில் வெற்றிலை தளதளவென்று இருக்குமென்றும் நம்புகிறேன். இங்கே நானும் அழகம்மாளும் சுகம். குழாயில் தண்ணீர் வரவில்லை, வீட்டை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், மற்றபடி ஒரு குறையும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. கீழ்வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்காரர், ரிட்டையர்டு இன்ஜினியர் ஹாலாஸ்யம் சார் ஒரு பக்கம் நின்றார். தெருவுக்குத் தண்ணீர் கேட்டு முனிசிபல் ஆபீசில் சண்டை போட்ட சின்னத்தாய் டீச்சர் மறுபக்கம். எப்போதும் கை தூக்கித்தான் தேர்ந்தெடுப்போம். வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது குடியிருப்பவன் கை தானாக எந்தப் பக்கம் உயரும் என்று தங்களுக்குத் தெரியும். அதனால் இந்தத் தடவை ரகசிய ஓட்டு வேண்டுமென்று டீச்சர் கேட்டார். அதற்கென்ன என்று ஹாலாஸ்யம் சார், டவுனில் கம்ப்யூட்டர் பள்ளி நடத்தும் தன் தங்கை மகன் அனந்தராமனையும் ஒரு கம்ப்யூட்டரையும் சேர்த்து வரவழைத்துவிட்டார். டி.வி. பெட்டிக்கு முன்னால் டைப்ரைட்டரை வைத்தது போல இருந்தது. நம் பெயரைச் சொன்னால் அனந்தராமன் தட்டிக்கொள்வார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வார். சாருக்கு ஒன்று, டீச்சருக்கு இரண்டு, நாம் அமுக்க வேண்டியது. முதலில் சார் அமுக்கினார், கரண்ட் ஒரு நொடி போய் வந்தது, அடுத்து டீச்சர் அமுக்கினார், அப்புறம் வரிசையாக எல்லோரும். நான் போட்டேன், எனக்குப் பின்னால் நின்ற அழகம்மாள் போட்டாள். டீச்சர் ஜெயித்துவிட்டார்.

ஹாலாஸ்யம் சாருக்கு முகம் சுண்டிவிட்டது. "இது எப்படிடா சாத்தியம்?" என்று மருமகனைக் கேட்டார். "யார் யாருக்குப் போட்டான்னு எல்லாம் உள்ளயே இருக்கு மாமா. ஒரு பட்டனைத் தட்டினா வந்துடும்" என்றார் அனந்தராமன். ரகசியம் என்றால் மிஷின் மறந்துவிடும் என்றுதான் நாங்களெல்லாம் நினைத்திருந்தோம், அது ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்? டீச்சர் எழுந்து, "சார், ஜெயிச்சது நான். நானே சொல்றேன், அதைக் காட்டக் கூடாது. யாருக்குப் போட்டோம்னு வெளிய சொல்லாம இருக்கிறது ஒவ்வொருத்தரோட உரிமை" என்றார். ஹாலாஸ்யம் சார் சிரித்தார். "ஜனநாயகம்தானே? காட்டலாமா வேண்டாமான்னு ஜனங்களே சொல்லட்டும். காட்டலாம்கறவா கை தூக்குங்கோ" என்றார். கை தூக்காதவன் குற்றவாளி என்று ஆகிவிடும் அல்லவா, மச்சான்? அத்தனை பேரும் தூக்கினார்கள். ரகசியத்தைக் காப்பாற்றியே தீர வேண்டியவர்கள்தான் ரெண்டு கையையும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். தூக்காதது டீச்சரும் தங்கள் தங்கையும் மட்டுமே. "நீங்க எதுக்குத் தூக்குறீங்க?" என்று அவள் என் இடுப்பில் குத்தினாள்.

பச்சை எழுத்தில் பெயர்கள் ஓடின. முதல் வரியிலேயே ஹாலாஸ்யம் சார் ஓட்டு சின்னத்தாய் டீச்சருக்கு என்று வந்தது! எல்லோரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். ஆனால் கம்ப்யூட்டர் பொய்யே சொல்லாது என்று காலையிலிருந்து மைக்கில் முழங்கியவர் இப்போது என்ன சொல்ல முடியும்? "கை தவறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு மேலே படித்தார். என் பெயர் வந்தது. அதற்கு நேரேயும் டீச்சர். சார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஜெயக்கொடி, வீட்டைக் காலி பண்ணிடுங்கோ" என்றார். திரையில் வந்ததை மறுத்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரிக்குள் மாடிக்குப் போகும் தண்ணீர்க் குழாயும் மூடப்பட்டது. தெருவிலும் கலவரம். மளிகைக் கடைச் சின்னான் பாதித் தெருவுக்குக் கடன் இல்லை என்கிறான், ஒச்சாயி தன் நாத்தனாரோடு பேசுவதில்லை.

ஆனால் மச்சான், தங்கள் தங்கையைத் தாங்கள் இப்போது பார்க்க வேண்டும். அடிபம்பிலிருந்து குடம் குடமாய்த் தூக்கி வருகிறாள், முகத்தில் சலிப்பே இல்லை. "வீடு போனா போகுது. உங்களைப் பயந்தாங்கொள்ளின்னு இம்புட்டு நாளா நெனச்சுட்டேங்க" என்று சொல்லி, கிழமை பார்க்காமல் கறி எடுத்துக் குழம்பு வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை இப்படிப் பார்த்ததில்லை. டீச்சரும் வீடு தேடி வந்தார். "அண்ணே, நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கவே கூடாது. தெரிஞ்சுபோச்சு, அதனால நன்றி" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று அழகம்மாள் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

ஆகவே செல்லூரில் தங்கள் சிநேகிதர் வீடு காலியாக இருந்தால் பேசி முடிக்கவும். கொள்கைக்காக வீடிழந்தவன் என்று சொன்னால் அட்வான்சில் கொஞ்சம் குறைப்பார். அத்தைக்கு என் நமஸ்காரம், அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகள் நன்றாகப் படித்துத் தைரியசாலிகளாக வளர என் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
ஜெயக்கொடி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் அனந்தராமன் மாடியேறி வந்தார். கரண்ட் போய் வந்தபோது மிஷின் முதல் ஓட்டை விழுங்கிவிட்டதாம், அதற்கப்புறம் ஒவ்வொருவர் ஓட்டும் ஒரு வரி மேலே ஏறி முன்னால் நின்றவர் பெயருக்கு விழுந்துவிட்டதாம். "சார், நீங்க மாமாவுக்குத்தான் போட்டிருக்கேள். உங்க பேருக்கு நேரே வந்தது உங்க ஆத்துக்காரி போட்டது" என்று சந்தோஷமாகச் சொல்கிறார். "யாருங்க வந்திருக்கிறது?" என்று உள்ளேயிருந்து அழகம்மாள் கேட்டாள். பாராட்ட வந்திருக்கிறார் என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சரியான கணக்கைக் காட்டலாமா என்று மறுபடி கை தூக்கச் சொல்லப்போகிறார்கள். காட்டினால் எனக்கு வீடும் தண்ணீரும் திரும்பக் கிடைக்கும், தங்கள் தங்கை கிடைக்க மாட்டாள். காட்டக் கூடாது என்று நான் மட்டும் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் அதிலேயே அவள் கண்டுபிடித்துவிடுவாள். ஓட்டு ரகசியம் ஒவ்வொருத்தருக்கும் எம்புட்டுப் பெரிய உரிமை என்று இப்போதுதான் புரிகிறது, மச்சான். வீடு பார்க்க வேண்டாம். அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு தந்தி கொடுத்து, சனிக்கிழமைக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.