சகலையின் பூட்டு

ஷூ வாங்கும் ஜெர்மன்காரரின் மெயிலை அச்சடித்து எடுத்துவந்து ஜோஸின் மேசைமேல் வைத்தார் நயீம் அகமது. உங்கள் இணையப் பக்கத்தைத் திறந்தால் "இதை நம்பாதே" என்று என் கம்ப்யூட்டர் சொல்கிறது, நான் நம்பலாமா என்று அதில் கேட்டிருந்தது.

"இன்னாப்பா இது?"

நயீம் அகமதின் ஆம்பூர் ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் என்றால் ஜோஸ்தான்.

"சர்வருக்கு செக்யூரிட்டி சர்டிஃபிகேட் வாங்கணும் சார். வாங்கினா ஸ்கிரீன் மூலையில ஒரு மஞ்சள் பூட்டுப் படம் வரும். அப்புறம் எச்சரிக்கை வராது."

"திங்கக்கிழமைக்குள்ள வரணும். குளிர்கால ஆர்டர் நிக்குது. உன்னால முடியலைன்னா சொல்லு, எதிர் கம்பெனி ஷாஜினைக் கூப்ட்டு செஞ்சிக்கிறேன். உன் சகலைதானே?"

ஜோஸின் மனைவி இவாஞ்சலினுக்குத் தங்கை ஜெனிஃபா. ஜெனிஃபாவின் கணவன் ஷாஜின். எதிர் கம்பெனியில் எட்டு வருஷத்துக்கு முன் ஜோஸ் விட்டுவந்த நாற்காலியில்தான் அவன் உட்கார்ந்திருக்கிறான். ஜோஸ் இருந்தபோது அது சுழலாது. இப்போது சுழல்கிறதாம்.

அந்தக் கம்பெனியின் பெயர் போட்ட மெயில்கள் இன்னும் ஜோஸின் பழைய முகவரிக்கு எப்போதாவது வந்து விழும். பெயரைப் பார்த்ததுமே வயிறு எரியும். திறக்காமலே அழித்துவிடுவான். கொஞ்ச நாளாக ஜாஸ்தியாகவே வந்தன. அதே வேகத்தில் அழித்தான்.

சர்டிஃபிகேட்டில் மூன்று ரகம் இருந்தது. சின்ன ரகத்துக்கு, இணையத்தில் கம்பெனியின் பெயரை முதலில் பதிந்தவருக்கு ஒரு மெயில் வரும். அவர் சரி என்று ஒரு தட்டு தட்டினால் அரை மணியில் பூட்டு வந்துவிடும். இங்கே பதிந்தவன் ஜோஸேதான். ஜெர்மன்காரருக்கு அதுவே போதும். அவன் விரல் சின்ன ரகத்தின்மேல் இருந்தபோது இவாஞ்சலின் போன் செய்தாள்.

"ஷாஜின் போன மாசமே ஏதோ சர்டிஃபிகேட் வாங்கிட்டாராமே. நடு ரகமாம். ஜெனிஃபா சொன்னா. நீங்க இன்னும் வாங்கலையா?"

போனை வைத்தபோது ஜோஸுக்குச் சின்ன ரகம் பொம்மைப் பெட்டியின் பூட்டு மாதிரித் தெரிந்தது. பெரிய ரகம் வாங்கினால் பூட்டோடு முகவரிப் பட்டையே பச்சையாகும், அதில் கம்பெனியின் பெயர் மின்னும். ஷாஜின் தன் சுழல் நாற்காலியில் இருந்தபடி அந்தப் பச்சையைப் பார்த்துச் சுற்றுவதை நிறுத்தும் காட்சியைக் கொஞ்ச நேரம் ரசித்தான். பிறகு பெரிய ரகத்துக்கே விண்ணப்பித்தான்.

மற்ற ரகங்களுக்கும் அந்தத் தட்டு வேண்டும்; பெரிய ரகத்துக்குக் கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு. டெலிபோன் டைரக்டரியில் உள்ள எண்ணுக்கு அவர்களே பேசி, கம்பெனி உண்மையில் இருக்கிறதா என்று கேட்பார்கள். டைரக்டரியில் இருந்தது கேட் போனின் எண். அதை எடுப்பவர் வாட்ச்மேன் சுப்பராயன்.

மறுநாள் சுப்பராயனே பெருமையாக வந்து சொன்னார். "யாரோ இங்கிலீஷ்ல கம்பெனி இருக்குதான்னு கேட்டாங்க சார். பொல்யூஷன் ஆபீஸ் ரெய்டா இருக்கும்னு, நோ கம்பெனி, டூ இயர் க்ளோஸ்னு சொல்லிட்டேன்."

ஜோஸ் கோபப்படவில்லை. பாராட்டை எதிர்பார்த்து நிற்கும் மனிதரிடம் எப்படிக் கோபப்படுவது? மறுபடி பேசச் சொல்லி அவர்களுக்கு எழுதினான். வெள்ளிக்கிழமை பூராவும் கேட் அருகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எது கேட்டாலும் "எஸ்" என்று சொல்ல சுப்பராயனைப் பழக்கினான். ஜோஸ் டீ குடிக்கப் போன ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. கம்பெனியை மூடிவிட்டது உண்மையா என்று கேட்டார்கள். சுப்பராயன் தெளிவாக "எஸ்" என்றார்.

மூடிய கம்பெனிக்கு எந்த ரகமும் கிடையாது என்று பதில் வந்தது. சின்ன ரகமும் போயிற்று.

சனிக்கிழமை ஜோஸ் தானே ஒரு சர்டிஃபிகேட் தயாரித்து, தானே கையெழுத்திட்டு, சர்வரில் ஏற்றினான். தனக்குத் தானே நன்னடத்தைச் சான்று எழுதிக்கொள்கிற வேலை அது. எதற்கும் இருக்கட்டும் என்று, நம்பகமான பூட்டு இல்லாமல் பக்கம் திறக்கவே கூடாது என்று கட்டுப்பாடுகளை எல்லாம் இறுக்கினான். திங்கள் காலை ஜெர்மன்காரரிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. முன்பாவது எச்சரிக்கை வந்தது, இப்போது பக்கமே திறக்கவில்லை.

நயீம் அகமது ஃபேக்ஸைப் படித்தார். ஷாஜினின் நம்பர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அரை மணி நேரம் கொடுங்கள் சார் என்று ஜோஸ் எழுந்தான்.

இவர்களை விட்டால் வேறு யார் விற்கிறார்கள் என்று ஜோஸுக்குத் தெரியாது; இனி ஒரே வழிதான். ஷாஜின் யாரிடம் வாங்கினான் என்று கேட்டு, அங்கேயே வாங்க வேண்டும். எட்டு வருஷமாகக் கடக்காத ரோட்டை, தோல் லாரி ஒன்று போவதற்காக நின்று, அது போன பிறகும் கொஞ்சம் நின்று, கடந்தான்.

எதிர் கம்பெனி வரவேற்பில் டோரதி என்ற புதுப் பெண் இருந்தாள். விசிட்டர் நோட்டை நீட்டினாள். ஜோஸ் பெயர் எழுதினான்.

"ஷாஜின் சார் மீட்டிங்ல இருக்கார். இன்னா விஷயம் சார்?"

"உங்க வெப்சைட்டுக்குப் பூட்டு வாங்கினாராமே..." ஜோஸ் பேனாவை மூடி வைத்தான். "அது எங்க வாங்கினார்னு கேக்கணும்."

டோரதி குரலைத் தாழ்த்தினாள். "காசு கட்டி நாப்பது நாளாச்சு, பூட்டு எங்க சார் வந்துச்சு? எங்க கம்பெனி பேரை மொதல்ல பதிஞ்சவரு மெயில்ல சரின்னு சொன்னாதான் குடுப்பாங்களாம். அவருக்குப் பன்னெண்டு மெயில் போயிருக்கு. ஒண்ணைக்கூட அந்த ஆளு திறந்து பாக்கல. நேர்ல போய்க் கேளுங்க சார்னா, அவன் வாசல்ல போய் நிக்கிறதுக்கு வேலையையே விட்ருவேன்றார் எங்க சார்."

சொல்லிக்கொண்டே விசிட்டர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள்.

"அட, அந்த ஆளு பேரும் ஜோஸ்தான். உங்களுக்குத் தெரிஞ்சவரா சார்?"